கரையேறிய வரிசை: முதுகெலும்பிகளின் புலன்கள் நிலத்துக்குப் பழகிய விதம்

முதுகெலும்புள்ள உயிர்கள் நீரை விட்டு நிலத்துக்கு வந்ததைப் பாடநூல்கள் பெரும்பாலும் கால் முளைத்த கதையாகவே சொல்கின்றன. துடுப்பு காலாயிற்று, கால் உடலைச் சுமந்தது, உயிர் கரையேறியது என்று அந்தக் கதை முடிந்துவிடுகிறது. இந்த விளக்கம் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். நிலவாழ்வு என்பது நடப்பது மட்டுமன்று; காற்றில் பார்ப்பதும், காற்றில் கேட்பதும், உடல் காய்ந்துபோகாமல் காப்பதும் அதில் அடங்கும். இவை ஒருசேர வந்தவை அல்ல. காற்றுக்குரிய பார்வை முந்தியது, கால் அடுத்து வந்தது, காற்றொலியைக் கேட்கும் செவி வெகுகாலம் பிந்தியது. இதற்கான சான்றுகள் தொல்லுயிர்ப் பாறைகளில் மட்டும் கிடப்பதில்லை. மலேசியாவின் நெகிரி செம்பிலானில் மந்தின் போன்ற ஊர்களை ஒட்டிய தோட்டங்களின் வாய்க்கால்களிலும், அதே மாநிலத்தின் லுக்குட், போர்ட்டிக்சன் கடலோரச் சேற்றிலும் அவை உயிரோடு உலவுகின்றன.

முதலில் கண். நீரும் விழியின் முன்புறத் தெளிபடலமும் ஒளியை ஏறத்தாழ ஒரே அளவில் வளைப்பதால், நீருக்குள் அந்தப் படலத்துக்குக் குவிக்கும் வேலை இல்லை. உருண்டையான லென்ஸே முழு வேலையையும் செய்கிறது. காற்றில் நிலைமை தலைகீழ்: மனிதக் கண்ணின் குவிதிறனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்தப் படலத்தினுடையது. காற்றில் பார்வை எட்டும் தொலைவும் நீரில் எட்டுவதைவிட மிக அதிகம். மால்கம் மக்ஐவரும் லார்ஸ் ஷ்மிட்ஸும் தம் குழுவினருடன் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, கால்கள் முழுமை பெறுவதற்கு முன்பே கண்குழி ஏறத்தாழ மூன்று மடங்காகப் பெருத்துத் தலையின் உச்சிப் பக்கம் நகர்ந்துவிட்டதைத் தொல்லுயிர்களின் மண்டையோடுகளை அளந்து காட்டியது. அலையாத்திச் சேற்றில் துள்ளித் திரியும் பெலாச்சாக் மீனைக் கூர்ந்து பார்த்தால் இதன் பொருள் விளங்கும். தலையுச்சியில் துருத்தி நிற்கும் அதன் கண்கள் அடிக்கடி குழிக்குள் அமிழ்ந்து, ஒரு தோல்மடிப்பால் மூடப்பட்டு, ஈரமும் துப்புரவும் பெற்று மேலெழுகின்றன. கண்ணீர்ச் சுரப்பி இல்லாமலேயே அது இமைக்கிறது. விழியை நனைப்பது, துடைப்பது, காப்பது ஆகிய மூன்று வேலைகளும் இந்த இமைப்பால் நடப்பதை 2023-இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது.

செவியின் வரலாறு வேறு. மீனின் உடலும் நீரும் ஒலிக்கு ஏறத்தாழ ஒரே தன்மையுடையவை; ஒலி தடையின்றித் தலைக்குள் புகும். காற்றில் வரும் ஒலியோ உடலில் பட்டு ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். அதை உள்ளே கொண்டுசெல்ல மெல்லிய செவிப்பறையும், அதன் அதிர்வைக் கடத்தும் மெலிந்த அங்கவடி எலும்பும் வேண்டும். இந்த எலும்பு மீன்களில் தாடையை மண்டையோட்டோடு பிணைத்த எலும்பின் மறுவடிவம். கிரீன்லாந்தில் கிடைத்த, சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அக்காந்தோஸ்டெகா என்னும் தொல்லுயிருக்குக் காலும் விரல்களும் இருந்தன. அதன் அங்கவடி எலும்போ தடித்துக் குறுகியது. அது மண்டையோட்டைத் தாங்கும் முட்டாகப் பயன்பட்டது என்று தொல்லுயிரியலாளர் ஜென்னி கிளாக் காட்டினார். செவிப்பறையுள்ள செவி தவளை, ஊர்வன, பாலூட்டி ஆகிய மரபுகளில் தனித்தனியாகத் தோன்றியது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட முடிவு. காலுக்கும் இத்தகைய செவிக்கும் இடைவெளி பல கோடி ஆண்டுகள். மழைக்குப்பின் வாய்க்காலில் கத்தும் தவளையின் கண்ணுக்குப் பின்னால் தெரியும் வட்டத்தோலே அந்தச் செவிப்பறை. தோட்டங்கள் எலிகளைக் கட்டுப்படுத்தக் கூடு வைத்து வளர்க்கும் கூகையிடம் இந்தப் புலன் உச்சத்தை எட்டியிருக்கிறது: ஒன்றைவிட ஒன்று உயரம் மாறி அமைந்த இரு செவித்துளைகளைக் கொண்டு முழு இருட்டிலும் ஒலியை வைத்தே அது எலியைப் பிடிக்கிறது.

இந்த வரிசைக்கு மூன்று மறுப்புகள் எழலாம். போலந்தின் சாகெல்மியேயில் கிடைத்து 2010-இல் அறிவிக்கப்பட்ட காலடித் தடங்கள், கால் நாம் எண்ணியதைவிடப் பழையது என்கின்றன. அப்படியானால் வரிசையே கலையாதா என்பது முதல் மறுப்பு. கண்ணுக்கும் காலுக்கும் உள்ள இடைவெளி இதனால் விவாதத்துக்கு உள்ளாகலாம். காலுக்குப் பிந்தியதே செவி என்ற முடிவு இன்னும் வலுப்பெறுகிறது. பெலாச்சாக் நம் மூதாதை அல்லவே என்பது இரண்டாவது. உண்மைதான், அது மரபுவழிச் சான்றாக இங்கு நிற்கவில்லை. தொடர்பற்ற ஒரு மீனும் உயரக் கண்ணையும் இமைப்பையும் அடைந்திருப்பது, காற்று எல்லா உடல்களிடமும் ஒரே கோரிக்கையை வைக்கிறது என்பதற்குச் சான்று. செம்பனைக் காட்டு மலைப்பாம்புக்குச் செவிப்பறை இல்லையே, செவி அத்தனை இன்றியமையாததா என்பது மூன்றாவது. பாம்பின் மூதாதையரிடம் இருந்து பின்னர் இழக்கப்பட்ட உறுப்பு அது. அங்கவடி எலும்பு இன்றும் தாடையோடு இணைந்து தரையதிர்வை உணர்த்துகிறது. ஆப்பிரிக்க நுரையீரல்மீனும் செவிப்பறையின்றியே தாழ்ந்த காற்றொலியை மண்டையோட்டின் அதிர்வால் உணர்கிறது. செவி தாமதித்தும் ஆதி நிலவாழ்விகள் பிழைத்தது எப்படி என்பதை இவையே விளக்குகின்றன.

உடலின் ஈரக்காப்பும் இவ்வாறே படிப்படியானது. வாய்க்கால் கரையில் பிளவுநாக்கை நீட்டி மணம் தேடும் உடும்பு, செதில்தோலாலும் ஓட்டு முட்டையாலும் நீரைத் தன்னுள் அடைத்துக்கொண்டது. தவளையின் தோல் இன்னும் ஈரத்தை நம்புகிறது. அதன் தலைப்பிரட்டை, மீனைப்போல் நீரின் அசைவை உணரும் பக்கக்கோட்டு உறுப்போடு வாழ்ந்து, உருமாறும்போது அதை இழந்து செவிப்பறையைப் பெறுகிறது. ஆகவே நிலவாழ்வி என்ற ஒற்றைப் பெயர் பலபடியான தகவமைப்புகளை மறைத்துவிடுகிறது. தோட்ட வாய்க்காலைத் தூர்த்தால் உடும்பு வேறிடம் தேடிப் போகலாம். தவளைக்கோ அடுத்த தலைமுறையே இல்லாமல் போகும். ஓர் உயிரைக் காக்க நினைப்பவர், அதன் எந்தப் புலன் நிலத்துக்கு வந்துவிட்டது, எது இன்னும் நீரில் நிற்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். பள்ளிப்பாடமும் காலோடு நிற்காமல் அங்கிருந்து தொடங்க வேண்டும்.