வால்வு ரேடியோவும் நாலு வாட் கணக்கும்



என் வீட்டு வால்வு ஆம்ப்ளிஃபயரின் படத்தை இங்கே போட்டதும் பாதிப் பேர் ஒரே கேள்விதான் கேட்டீர்கள்: "சார், இது எத்தனை வாட்?" ஒரு பக்கத்துக்கு நாலு வாட் என்றதும் சிலருக்குச் சிரிப்பு. கல்யாண வீட்டு வாசலில் ஆயிரக்கணக்கான வாட் பெட்டிகளைப் பார்த்துப் பழகிய காலம், சிரிப்பதில் தப்பில்லை. ஆனால் நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் உலகத்தைக் காதால் கேட்கத் தொடங்கியது இதைவிடக் குறைந்த வாட்டில்தான். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வால்வு என்றால் என்ன? ஏரி மடையை நினைத்துக்கொள்ளுங்கள். மடைப் பலகையைச் சற்றே தூக்கினால் போதும், பெரிய தண்ணீர் பாயும். வால்வும் அப்படித்தான். காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்க்குள் சூடான கேதோடிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பிப் பிளேட்டை நோக்கி ஓடும். நடுவில் கிரிட் என்ற கம்பி வலை. அந்த வலையில் கொடுக்கும் சின்ன மின்னழுத்தம் பெரிய ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும். இரண்டு முனை வால்வை இங்கிலாந்தில் பிளெமிங் 1904இல் செய்தார். மூன்றாவதாக அந்தக் கிரிட்டை 1906இல் சேர்த்தவர் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட். ரேடியோ, பேசும் படம், மைக் செட் எல்லாம் அந்த மடைப் பலகையிலிருந்து வந்தவை.

சென்னையில் 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. முதல் டிரான்ஸ்மிட்டரின் ஆற்றல் வெறும் 40 வாட். பழைய வகை மின்விசிறி ஒன்று எடுக்கும் மின்சாரத்தைவிடக் குறைவு! பணமில்லாமல் 1927இல் கிளப் நின்றுபோனது. 1930இல் சென்னை மாநகராட்சி அந்தப் பணியை எடுத்து நடத்தியது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே மாதம் திருச்சி நிலையமும் வந்தன. அப்போது நாமெல்லாம் திருச்சி மாவட்டம். பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது 1995இல்தான். அதனால் நம் ஊர்களுக்கு ரேடியோ என்றால் திருச்சி, பாட்டு என்றால் இலங்கை.

கம்பி வராத ஊர்களில் ரேடியோ எப்படி ஓடியது என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. அதற்கென்றே பேட்டரி வால்வு செட்டுகள் இருந்தன. பிளேட்டுக்கு 90 வோல்ட் உலர் பேட்டரி, இழைக்கு ஒன்றரை வோல்ட். டி.எல். 96 என்ற கடைசி வால்விலிருந்து ஸ்பீக்கருக்குப் போன ஆற்றல் ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்குதான். அதைத் திண்ணையில் வைத்தால் சுற்றி உட்கார்ந்த பத்துப் பேருக்கும் செய்தி கேட்டது.

பிறகு ஊராட்சி ரேடியோ வந்தது. மன்றக் கட்டடத்துக்குள் பெட்டி, மேலே குழாய் ஸ்பீக்கர். மாலையானால் அதன் கீழேதான் எங்கள் விளையாட்டு. திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளை 1960களில் விவசாயிகள் எவ்வளவு கவனமாகக் கேட்டார்கள் என்பதற்கு ஒரு பெயரே சாட்சி. ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தை வானொலி பரப்பியது. காவிரிப் பாசன விவசாயிகள் அதை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள்! சில வாட் ஒலி வயலில் நெல்லாக விளைந்த கதை அது.

வால்வுகள் முதலில் வெளிநாட்டிலிருந்து வந்தன. பெங்களூரில் 1954இல் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961இல் ரேடியோ வால்வு செய்யத் தொடங்கியது. மறு ஆண்டே டிரான்சிஸ்டரையும் செய்தது. மருமகள் வீட்டுக்குள் வந்த மறு வருஷமே மூத்தார் மனைவி வந்த கதை. சட்டைப்பையில் அடங்கும் டிரான்சிஸ்டர் வந்ததும் வால்வு பெட்டிகள் பரணுக்குப் போயின. அங்கிருந்து பழைய இரும்புக் கடைக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரிலுள்ள செம்புக்காக உடைபட்டவை எத்தனையோ.

சரி, அவ்வளவு குறைந்த ஆற்றலில் எப்படிக் கேட்டது? இங்கேதான் கணக்கு. ஆற்றலை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். ஸ்பீக்கருக்கும் ஸ்பீக்கருக்கும் திறமை வேறு. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் தருவது ஒன்று, 94 தருவது இன்னொன்று. வித்தியாசம் 6 டெசிபல், அதாவது நாலு மடங்கு ஆற்றலுக்குச் சமம். அந்தக் காலக் குழாய் ஸ்பீக்கரோ அதே ஒரு வாட்டுக்கு 100 டெசிபலைத் தாண்டும். 88உடன் ஒப்பிட்டால் 16 மடங்கு! வாட் கிடைப்பது அரிதாக இருந்ததால் ஸ்பீக்கரைத் திறமையாகச் செய்தார்கள். வாட் மலிவானதும் அந்தக் கவலை போய்விட்டது.

என் செட்டுக்கு வருகிறேன். அரியலூரில் ரேடியோ பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர், உடைந்த பழைய பெட்டிகளிலிருந்து எடுத்த சாமான்களை வைத்துக் கட்டிக் கொடுத்தது. இரண்டு ஈ.எல். 84, முன்னால் ஒரு ஈ.சி.சி. 83, மின்சாரத்தைத் திருத்த ஒரு ஈ.இசட். 81. ஈ.எல். 84 முழுதாக ஓடினால் 5 வாட்டுக்குச் சற்று மேல் தரும். வால்வின் ஆயுள் கருதிக் கொஞ்சம் குறைத்து ஓட்டுகிறோம்.

இதை மேம்படுத்தச் செலவழித்தது மூன்று இடத்தில்தான்.

ஒன்று, ஸ்பீக்கர். சிறிய நவீன பெட்டிகளை மாற்றி, லேசான காகிதக் கூம்பு உள்ள பழைய பெரிய ஸ்பீக்கர்களைப் போட்டோம். நாலு வாட் பதினாறு வாட் போல ஆனது.

இரண்டு, வால்வுகளுக்கு நடுவிலுள்ள பழைய மெழுகுக் காகிதக் கண்டென்சர்கள். வயதானால் இவை கசியும். கசிந்தால் கடைசி வால்வின் கிரிட்டில் வேண்டாத வோல்ட் ஏறி, பிளேட் சிவந்து வால்வே போய்விடும். சில பத்து ரூபாய்க்குப் புதிய பாலியஸ்டர் கண்டென்சர் கிடைக்கிறது.

மூன்று, மின்வழங்கியிலுள்ள வடிகட்டும் கண்டென்சர். புதிதாகப் போட்டதும் 'உம்' என்ற இரைச்சல் அடங்கியது. பெரிதாகப் போட்டால் நல்லது என்று நினைக்காதீர்கள். ஈ.இசட். 81 தாங்குவது 50 மைக்ரோ ஃபாரட் வரைதான்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் தவறாமல் படியுங்கள். இந்தப் பெட்டிக்குள் 250 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் தங்கியிருக்கும். உயிரை எடுக்கும். பழைய 'ஏ.சி./டி.சி.' ரேடியோக்களில் மின் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. அதன் இரும்புத் தட்டு நேராக மின்கம்பியோடு இணைந்திருக்கும். ஆசைப்பட்டு அதில் செல்போன் வயரைச் செருகினால் கையில் ஷாக் அடிக்கும். தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டாமல் தாத்தா ரேடியோவைப் பிளக்கில் மாட்டாதீர்கள்.

கடைசியாக இன்னொன்று. திண்ணையில் கால் வாட் ரேடியோ கேட்டதற்கு ஸ்பீக்கர் மட்டும் காரணமில்லை, ஊரும் அமைதியாக இருந்தது. இன்று அரியலூர்ச் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள், பெரம்பலூரில் நான்குவழிச் சாலை. சத்தத்தை மீற இன்னும் சத்தம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தும் கேட்க முடியாத பிள்ளைகளைப் பார்த்தவன் நான். காது போனால் எத்தனை வாட் இருந்தும் பயனில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் வால்வு ரேடியோ கிடந்தால் இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். பின்மூடியில் உள்ள வால்வு எண்களைப் படம் எடுத்துக் கருத்தில் போடுங்கள். என்ன செட், எந்த வகை, மாட்டலாமா கூடாதா என்று தெரிந்தவரைச் சொல்கிறேன். உங்கள் ஊரில் ஊராட்சி ரேடியோ எங்கே இருந்தது என்பதையும் எழுதுங்கள். ஊர் ஊராகச் சேர்த்து ஒரு பட்டியல் போட்டு வைப்போம்.