எழுத்துக்கு ஏற்ற கோடு

பள்ளி திறக்கும் காலம் நெருங்கியதும் குழந்தைகளுக்குப் பாடநூலும் பையும் குடையும் வாங்குவதில் நாம் மிக்க அக்கறை காட்டுகிறோம். நோட்டுப் புத்தகம் வாங்கும்போது விலையையும் பக்கங்களின் எண்ணிக்கையையும் பார்க்கிறோம். மேலட்டையிலுள்ள படத்தைக்கூடப் பார்க்கிறோம். உள்ளே இட்டிருக்கும் கோட்டைப் பார்ப்போர் மிகச் சிலரே. ஆயினும் குழந்தையின் கையெழுத்து அமைவதும் சிதைவதும் பெரும்பாலும் அந்தக் கோட்டைப் பொறுத்தவை. தாய்மொழி வழங்காத மாநிலத்தில் வாழும் நமக்கு இது சிறிய செய்தியன்று.

திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டையை அடுத்துள்ள சாலைக் கடைத்தெருவை நம்மில் பலர் அறிவோம். திவான் இராசா கேசவதாசர் காலத்திலிருந்து வளர்ந்த அந்த அங்காடியில் தமிழ் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கின்றனர். சூன் மாதத்தில் மழையும் பள்ளியும் ஒன்றாகத் தொடங்கும் நாடு அது. ஆதலின் மே மாதத்திலேயே நோட்டுகள் அங்கே மலைபோல் குவிந்துவிடும். ‘ஒற்றவர’, ‘இரட்டவர’, ‘நாலுவர’ என்று மலையாளத்திலே கேட்பார்கள். ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு, நான்கு கோடு என்பன அவற்றின் பொருள். கணக்கிற்குக் கட்டம் போட்டது வேறு. படம் வரையக் கோடே இல்லாதது வேறு. ஆங்கிலத்துக்கும் மலையாளத்துக்கும் இந்திக்கும் என்ன வேண்டும் என்பதைப் பள்ளியே எழுதிக் கொடுத்துவிடும். வீட்டில் தமிழ் கற்கும் குழந்தைக்கு என்ன கோடு வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார் யார்? மிஞ்சிக் கிடக்கும் பழைய நோட்டு ஒன்றே பெரும்பாலும் தமிழுக்கு வாய்க்கிறது. அது ஆங்கிலத்துக்கு வாங்கிய நான்கு கோட்டு நோட்டாக இருந்துவிட்டால், தொல்லை அங்கே தொடங்குகிறது.

இந்தத் தொல்லை எங்கிருந்து வந்தது என்பதை அறிய, எழுதும் பரப்பின் வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

நம் முன்னோரின் திண்ணைப் பள்ளியிலும் மலையாள நாட்டின் ஆசான் பள்ளியிலும் முதல் எழுதுபொருள் மணலே. தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தைப் பெரிதாக வரைந்து பழகினர். கோடு என்ற பேச்சே அங்கு இல்லை. எழுத்தின் வடிவம் கைக்கு வசப்பட வேண்டும் என்பது மட்டுமே நோக்கம். இம்முறை கடல் கடந்தும் சென்றது. 1789ஆம் ஆண்டு முதல் சென்னை எழும்பூரில் படைவீரர் குழந்தைகளுக்கான இல்லத்தை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியிலும் மேற்கொண்டார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் பயனாக, ‘மதராசு முறை’ என்ற பெயரோடு மணற்பலகை இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகளுக்கும் எழுத்துக் கற்பித்தது.

மணலில் கை தேறிய பிள்ளை ஓலைக்குச் சென்றான். ஓலைக்கும் யாரும் கோடு இட்டுக் கொடுப்பதில்லை. பனையோலையின் நரம்புகள் நீளவாட்டில் இணையிணையாக ஓடுகின்றன. அவையே வரிக்கு வழிகாட்டி. இடக்கையில் ஓலையை ஏந்தி, இடக்கைப் பெருவிரலின் துணையோடு எழுத்தாணியைச் செலுத்துவர். நரம்பின் போக்கிலேயே நீண்ட கோடு கீறினால் ஓலை பிளக்கும். தென்னாட்டு எழுத்துகள் வளைந்தும் உருண்டும் அமைந்தமைக்கு இதனையும் ஒரு காரணமாக அறிஞர் சிலர் கூறுவர். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் விடுவதே பெருவழக்கு என்பதும் இங்கு நினைக்கத் தக்கது. கீறி முடித்தபின் கரியையும் இலைச்சாற்றையும் தடவினால் எழுத்துத் தெளிந்து தோன்றும்.

இவ்வாறு எழுதிய ஏடுகளுக்குத் திருவனந்தபுரம் ஒரு பெருங் கருவூலமாகும். பத்மநாபசுவாமி கோயிலின் ‘மதிலகம்’ ஆவணங்கள் அனைத்தும் ஓலைகளே. கோட்டைப் பகுதியிலுள்ள அரசு ஆவணக் காப்பகத்தில் 2022ஆம் ஆண்டு திசம்பரில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்றும் திறக்கப்பெற்றது. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, பழந்தமிழ் ஆகிய எழுத்துகளை அங்கே காணலாம். விரற்கடை அளவே அகலமுள்ள ஓலையில், கோடு ஏதுமின்றி, வரிக்குமேல் வரியாக எழுத்துகள் ஒழுங்காக நிற்பதைப் பார்க்கும்போது, அந்தக் கை எத்தனை ஆண்டு மணலில் பழகியிருக்கும் என்ற எண்ணமே நமக்கு எழும்.

ஓலையின் இடத்தைக் காகிதம் பிடித்ததும் நிலைமை மாறியது. காகிதத்துக்கு நரம்பு இல்லை. ஆகவே வரியை மனிதன் வகுக்க வேண்டியதாயிற்று. சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில், 1834இல், திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி ஒன்று தோன்றியது. பின்னர் அரசரின் இலவசப் பள்ளியாகி, 1866இல் மகாராசா கல்லூரியாக உயர்ந்து, இன்று பல்கலைக்கழகக் கல்லூரி என்று வழங்குவது அதுவே. ‘மனோன்மணீயம்’ இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை அக்கல்லூரியில்தான் தத்துவம் கற்பித்தார்.

இத்தகைய பள்ளிகளின் வழியாக ஆங்கிலக் கையெழுத்தும், அதனோடு அதற்குரிய கோடும் நம் நாட்டிற்கு வந்தன. ஆங்கிலச் சிற்றெழுத்துகளை மூன்று அடுக்காகப் பிரிக்கலாம். ‘ஏ’, ‘இ’ போன்றவற்றின் உடல் நடு அடுக்கில் அடங்கும். ‘பி’, ‘எச்’ போன்றவை மேல் அடுக்கிற்கு ஏறும். ‘ஜி’, ‘ஒய்’ போன்றவை கீழ் அடுக்கிற்கு இறங்கும். மூன்று அடுக்குக்கு நான்கு கோடு. மேலே மாதிரி வரியை அச்சிட்டுக் கீழே பார்த்து எழுத இடம் விடும் பயிற்சி நோட்டுகளை அயர்லாந்தின் வியர் பாசுட்டர் என்பவர் 1865 முதல் பரப்பினார். நாம் ‘காப்பி நோட்டு’ என்று வழங்குவதும் அந்த இனத்தைச் சேர்ந்ததே.

கோடு எளிதில் கிடைத்ததற்கு இயந்திரமும் ஒரு காரணம். 1770இல் சான் டெட்லோ என்னும் ஆங்கிலேயர் காகிதத்தில் கோடிடும் பொறிக்கு உரிமம் பெற்றார். இவ்வகைப் பொறியில் பித்தளை முட்கள் ஒரு சட்டத்தில் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். கம்பளித் துணி வழியாக மை கசிந்து முட்களுக்கு இறங்கும். கீழே காகிதம் ஓட, ஒரே ஓட்டத்தில் பக்கம் முழுதும் கோடு விழும். முட்களின் இடைவெளியை மாற்றினால் நோட்டின் இனமே மாறிவிடும். ஒரு மொழியின் எழுத்துக்கு எந்தக் கோடு என்பது அந்தச் சட்டத்தில் முள் வைப்பவர் கையில் இருந்தது. காகிதத்துக்கும் திருவிதாங்கூர் நெடுந்தொலைவு செல்லவில்லை. கல்லடை ஆற்றங்கரையிலுள்ள புனலூரில் 19ஆம் நூற்றாண்டின் கடைப்பகுதியில் காகித ஆலை எழுந்தது. மலையாளத்தில் ‘ஈற்ற’ எனப்படும் மலைநாணலைக் கூழாக்கிக் காகிதம் செய்த அவ்வாலை 1987இல் மூடுண்டு, நெடுநாள் கிடந்து, 2015இல் மீண்டும் திறந்தது.

இனி நம் எழுத்துக்கு வருவோம். தமிழெழுத்தின் உடல் பெரியது. க, ப, ம, ல என்பவற்றை நோக்குக: எழுத்து முழுவதும் ஒரே உயரத்தில் அமர்ந்திருக்கிறது. மேலே ஏறுவன புள்ளியும் இகர ஈகாரச் சுழிகளும். கீழே இறங்குவன உகர ஊகாரக் குறிகளும், ற, ழ, ஞ முதலியவற்றின் கால்களும். ஆங்கிலத்தில் உடல் சிறிது, கையும் காலும் நீளம். தமிழில் உடல் பெரிது, கையும் காலும் குறுகியவை. நான்கு கோட்டு நோட்டின் நடு அடுக்கில் தமிழை எழுதினால் எழுத்து எறும்புபோல் சிறுத்துச் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டு அடுக்கை அடைத்து எழுதினாலோ புள்ளி போய் மேல் வரியின் காலில் இடிக்கும். ‘பள்ளி’ என்ற சிறு சொல்லை எழுதிப் பார்த்தாலே இது விளங்கும். கட்டம் போட்ட நோட்டும் உதவாது. ‘ர’ ஒடுங்கிய எழுத்து, ‘ஞ’ அகன்ற எழுத்து. இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைத்தால் ஒன்று ஊதிப்போகும், மற்றொன்று நசுங்கும்.

தமிழுக்கு உரியது இரட்டைக் கோடே. இரண்டு கோடுகளுக்கு நடுவே எழுத்தின் உடல் நிறைய வேண்டும். ஒரு சோடிக்கும் அடுத்த சோடிக்கும் இடையே உள்ள வெளி, மேல் வரியின் காலுக்கும் கீழ் வரியின் புள்ளிக்கும் பொதுவாக உதவும். முன்னாளில் லை, னை, ணை போன்ற எழுத்துகளுக்கு யானைத் துதிக்கைபோல் மேலே ஒரு வளைவு இட்டதால் இன்னும் மிகுதியான தலைவெளி தேவைப்பட்டது. தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபின் அத்தேவை குறைந்துவிட்டது. மலையாளத்திலும் 1971இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி எழுதிய கூட்டெழுத்துகள் பல அதனால் பிரிந்து பக்கவாட்டில் அமைந்தன. ஆகவே கேரளத்துக் குழந்தை மலையாளத்துக்கு வாங்கும் ‘இரட்டவர’ நோட்டே தமிழுக்கும் நன்கு பொருந்தும். மும்பையிலும் தில்லியிலும் வாழ்வோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இந்தி, மராத்தி எழுத்துகள் தலைக்கோட்டிலிருந்து தொங்குவன. தமிழ் அடிக்கோட்டின்மேல் அமர்வது. தொங்கவிட்டுப் பழகிய கை தமிழையும் தொங்கவிடும். கீழ்க்கோட்டைத் தொட்டு எழுதும்படி முதல் நாளிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகராயிற்று. அந்நகரில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர், வீட்டைவிட்டு ஓரடியும் நகராமலே வேற்று மாநிலத்துச் சிறுபான்மையினர் ஆனார்கள். அதே ஆண்டில் அரசியலமைப்பில் சேர்ந்த 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. எனினும் எல்லா ஊரிலும் எல்லாக் குழந்தைக்கும் தமிழ் வகுப்பு வாய்ப்பதில்லை. அங்கெல்லாம் வீடே பள்ளி. தாயோ தந்தையோ பாட்டனோ ஆசிரியர்.

அது முடியாத காரியமன்று. சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை நடத்திக்கொண்டே அத்தெருவின் மாந்தரைத் தமிழ்க் கதைகளில் உலவவிட்ட எழுத்தாளர் ஆ. மாதவன், பள்ளியில் படித்தது மலையாளமே. 2015இல் சாகித்திய அகாதெமிப் பரிசு அவருடைய தமிழ் நூலுக்குக் கிடைத்தது. எல்லாக் குழந்தையும் எழுத்தாளராக வேண்டுவதில்லை. ஆனால் தாய்மொழியைப் பேச மட்டும் அறிந்து எழுத அறியாத பிள்ளை, தன் பிள்ளைக்கு அதன் பாதியைத்தான் கொடுக்கும். கைப்பேசியில் தமிழ் ஒலியை ஆங்கில எழுத்தால் குறிக்கும் வழக்கம் பெருகியுள்ள இக்காலத்தில் இந்த இழப்பு விரைவாகவே நேரும். ‘உன் தமிழ் எழுத்துக் கோணல்’ என்று இரண்டு முறை கேட்ட குழந்தை மூன்றாம் முறை எழுத உட்காராது. கோணல் குழந்தையின் கையில் இல்லை, கோட்டில் இருக்கிறது என்பதைப் பெரியவர்களாகிய நாம் உணர வேண்டும்.

செய்ய வேண்டுவன சிலவே. முதலில் கோடில்லாத பரப்பில், மணலிலோ சிலேட்டிலோ, எழுத்தைப் பெரிதாக எழுதிப் பழகட்டும். வடிவம் பிடிபட்டபின் இரட்டைக் கோட்டு நோட்டைக் கொடுப்போம். ஓராண்டோ ஈராண்டோ சென்று கை நிலைத்ததும் ஒற்றைக் கோட்டிற்கு மாற்றலாம். நாம் வாழும் ஊரில் இரட்டைக் கோட்டு நோட்டு கிடைக்கவில்லையெனில், ஒரு தாளில் கருமையாக இரட்டைக் கோடுகள் இழுத்து, கோடில்லாத மெல்லிய தாளின் அடியில் வைத்தால் கோடு மேலே தெரியும். ஒரே கோட்டுத்தாள் ஆண்டு முழுதும் உதவும். வாங்குமுன் ஒரு பக்கத்தில் பேனாவால் இரண்டு எழுத்து எழுதிப் பார்க்கலாம். மை பரவும் காகிதத்தில் இகரச் சுழி அடைந்துபோகும், புள்ளியும் கறையாகும்.

அடுத்த முறை நோட்டுக் கடைக்குச் செல்லும்போது, பள்ளி கொடுத்த பட்டியலின் அடியில் நாமும் ஒரு வரி சேர்த்துக்கொள்வோம்: தமிழுக்கு, இரட்டைக் கோடு, ஒன்று.