விலை யாருடைய உரிமை? இந்தியக் கார் முகவர்களின் வருவாய் வரலாறு

கார் முகவர் காரை விற்றே பொருளீட்டுகிறார் என்பது பொதுவான எண்ணம். இந்தியாவைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பாதி உண்மைதான். தாம் விற்கும் பொருளுக்குத் தாமே விலை வைப்பது வணிகரின் அடிப்படை உரிமை. இந்நாட்டின் கார் முகவரிடம் அவ்வுரிமை முழுமையாக இருந்ததில்லை. முதலில் அது அரசின் கையில் இருந்தது. பின்னர் உற்பத்தி நிறுவனங்களின் கைக்கு மாறியது. முகவரின் வருவாய் ஏன் வெவ்வேறு வாயில்களைத் தேடியது என்பதை இந்த மாற்றத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ள இயலும்.

உள்நாட்டு உற்பத்தித் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இடமில்லை என்று 1953-இல் முடிவானதை அடுத்து ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆகிய மூன்றுமே கார்ச் சந்தையை ஆண்டன. கார்களின் பகிர்வையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்த 1959-இல் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 1969-இல் விலையும் சட்டப்படி நிர்ணயிக்கப்பட்டது. அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. முகவரின் கழிவு, அரசு ஏற்ற விலைக் கணக்கில் ஒரு வரியாகச் சுருங்கியது.

ஆனால் பொருள் அரிதாகவும் விலை நிலையாகவும் இருக்குமிடத்தில் வரிசையே விலை பெறுகிறது. பல ஆண்டுகள் காத்திருந்து பெற்ற ஒதுக்கீடு கூடுதல் தொகைக்குக் கைமாறியது. கணக்கேட்டில் ஏறாத அத்தொகையில் ஒதுக்கீடு பெற்றவருக்கும் இடைத்தரகருக்கும் சில முகவர்களுக்கும் பங்கிருந்தது. 1983-இல் மாருதிக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முன்பதிவுகள் குவிந்தபோதும் இதே நிலை தொடர்ந்தது.

1993-இல் கார் உற்பத்திக்கான உரிமமுறை நீக்கப்பட்டது. புதிய நிறுவனங்கள் வந்தன. வரிசை மெல்ல மறைந்தது. காத்திருக்கும் நிலை வாங்குபவரிடமிருந்து முகவருக்கு மாறியது. இன்று ஒரு புதிய காரில் அவருக்குக் கிடைக்கும் கழிவு பெரும்பாலும் 3 முதல் 5 விழுக்காடு. ஷோரூம் வாடகை, ஊதியம், இருப்பு வண்டிகளுக்கான வங்கி வட்டி ஆகியவற்றைக் கழித்தால் எஞ்சுவது சொற்பம். எனவே காரைச் சுற்றியுள்ளவற்றில் வருவாய் தேடப்படுகிறது: காப்பீட்டுக் கழிவு, கடன் ஏற்பாட்டுக்கு வங்கி தரும் தொகை, துணைக்கருவிகள், நீட்டித்த உத்தரவாதம், பழைய வண்டி மாற்று, விற்பனை இலக்கை எட்டினால் நிறுவனம் தரும் ஊக்கத்தொகை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பணிமனை. வண்டி ஒருமுறை விற்கப்படுகிறது. பழுதுபார்ப்போ ஆண்டுதோறும் வருவாய் தருகிறது.

அரசு விட்டுச்சென்ற விலை அதிகாரம் முகவரிடம் வந்து சேர்ந்ததா? மாருதி சுசுகிக்கு 2021 ஆகஸ்டில் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்த இந்தியப் போட்டி ஆணையத்தின் உத்தரவு இதற்கு விடை தருகிறது. குறித்த அளவுக்கு மேல் தள்ளுபடி தரக்கூடாது என்று முகவர்கள் கட்டுப்படுத்தப்பட்டனர் என்றும், வாடிக்கையாளர் வேடத்தில் ஆள்கள் அனுப்பப்பட்டு மீறியவர்கள் கண்டறியப்பட்டனர் என்றும், முகவருக்கு மட்டுமன்றி ஊழியர்களுக்கும் தண்டத்தொகை விதிக்கப்பட்டது என்றும் ஆணையம் முடிவுக்கு வந்தது. நிறுவனம் இதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. இதையொத்த காரணத்துக்காக 2017-இல் ஹூண்டாய்க்கு விதிக்கப்பட்ட 87 கோடி ரூபாய் அபராதத்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2018-இல் ரத்து செய்தது. சட்டத்தின் நிலைப்பாடு இன்னும் உறுதிப்படவில்லை என்பதையே இவ்விரு வழக்குகளும் காட்டுகின்றன.

அதிகாரம் இல்லாத இடத்திலும் இடர் மட்டும் முகவரையே சேர்கிறது. ஆலையிலிருந்து முகவருக்கு அனுப்பப்படும் வண்டியையே உற்பத்தியாளர் சங்கம் விற்பனையாகக் கணக்கிடுகிறது. அது வாடிக்கையாளரைச் சென்றடையும் வரை வட்டி முகவருடையது. 2017-இல் ஜெனரல் மோட்டார்ஸ் உள்நாட்டு விற்பனையை நிறுத்தியபோதும், 2021-இல் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோதும், முகவர்கள் ஷோரூம்களில் இட்ட முதலீடு கேள்விக்குறியானது. அமெரிக்காவில் முகவர்களைக் காக்க 1956-இலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 1964-இல் உருவான இந்திய முகவர் கூட்டமைப்போ அத்தகைய பாதுகாப்பை இன்னும் கோரிக்கையாகவே முன்வைத்து வருகிறது.

வாங்குபவரும் இதில் வெறும் பார்வையாளர் அல்லர். காரின் விலையில் ஈட்ட முடியாததைக் காப்பீட்டிலும் துணைக்கருவியிலும் ஈட்ட முகவர் முனையும்போது, அச்செலவு வாங்குபவரின் தலையிலேயே விழுகிறது. ஷோரூமில் காப்பீட்டை வற்புறுத்தும் ஊழியரின் பேராசையாக இதைச் சுருக்குவது எளிது. விலையைத் தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்பதே வரலாற்று மாணவரின் வேலை. நமது தொழில் வரலாறுகள் ஆலை வாயிலோடு நின்றுவிடுகின்றன. போட்டி ஆணையத்தின் உத்தரவுகளும் வாகனப் பதிவுத் தரவுகளும் பொதுவெளியில் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு ஆலைக்கு வெளியே நிகழ்ந்த வரலாற்றை எழுதத் தொடங்கலாம்.