நீரிலிருந்து நெருப்பு

ஐம்பூதத் தலங்களுள் திருவானைக்கா நீருக்கு உரியது. திருவண்ணாமலை நெருப்புக்கு உரியது. நீரும் நெருப்பும் ஒன்றுக்கொன்று பகை என்பது உலக வழக்கு. ஆனால் நீரைப் பகுத்தால் எரியும் பொருள் ஒன்று கிடைக்கும் என்பதும், அது எரிந்தபின் மீண்டும் நீரே ஆகும் என்பதும் வேதியியல் கண்ட உண்மை. அப்பொருளே ஹைட்ரஜன். தமிழில் நீரகம் என்றும் அதனைச் சொல்வர். நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது கரியமில வாயு எழுகின்றது. ஹைட்ரஜன் எரியும்போது அவ்வாயு தோன்றுவதில்லை. ஆதலின் உலக நாடுகள் பல இன்று இதனை நாடுகின்றன.

மாணவ நண்பர்களே! இம்முயற்சி நம் நாட்டுக்குப் புதியதன்று. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இதில் நாம் இறங்கினோம், பின்னர்க் கைவிட்டோம். ஏன் இறங்கினோம், ஏன் கைவிட்டோம் என்பதை அறிந்தாலன்றி, இனிச் செய்ய வேண்டுவது இன்னதென விளங்காது.

ஹைட்ரஜனைத் தனிப்பொருளாக ஆராய்ந்து 1766 இல் உலகுக்கு அறிவித்தவர் ஆங்கில அறிஞர் ஹென்றி காவெண்டிஷ். 'நீரைப் பிறப்பிப்பது' என்னும் பொருள்பட அதற்குப் பெயர் சூட்டியவர் பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர். 1800 இல் நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் நீரினுள் மின்சாரத்தைச் செலுத்தி, அதனை ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரித்தனர். இதனையே மின்னாற்பகுப்பு என்கிறோம். 1839 இல் வில்லியம் குரோவ் என்பார், அவ்விரு வாயுக்களையும் மீண்டும் கூட்டி மின்சாரம் பெறலாம் என்று காட்டினார்.

ஆயினும் ஹைட்ரஜனைப் பெருந்தொழிலுக்கு உரிய பொருளாக்கியது உழவனின் தேவையே ஆகும். காற்றிலுள்ள நைட்ரஜனோடு ஹைட்ரஜனைச் சேர்த்து அம்மோனியா ஆக்கும் ஆலை, 1913 இல் ஜெர்மனியின் ஓப்பாவில் இயங்கத் தொடங்கியது. அங்கே ஹைட்ரஜன் நிலக்கரியின் துணைகொண்டு பெறப்பட்டது. பிற்காலத்தில் இயற்கை எரிவாயு அவ்விடத்தைப் பெற்றது. இவ்வாறு ஒரு கிலோ ஹைட்ரஜன் ஆக்கும்போது ஏறத்தாழ 9 கிலோ கரியமில வாயு வெளிப்படுகின்றது. ஆரணிப் பக்கத்து உழவர் தம் நெல்வயலில் இடும் யூரியா மூட்டையின் பின்னேயும் இந்தப் புகை மறைந்திருக்கின்றது.

நிலக்கரியின்றி ஹைட்ரஜன் பெற வழியில்லையா? உண்டு. மலையருவிகளின் மின்சாரத்தால் நீரைப் பகுத்து உரம் செய்தது நார்வே நாடு. அவ்வழியைச் சுதந்தர இந்தியாவும் மேற்கொண்டது. பஞ்சாபில் சட்லெஜ் நதிக்கரையிலுள்ள நங்கலில் 1961 இல் உர ஆலை தொடங்கியது. பக்ரா-நங்கல் திட்டத்தின் மின்சாரமே அங்கு நீரைப் பகுத்தது. அந்த ஹைட்ரஜனிலிருந்து கால்சியம் அம்மோனியம் நைட்ரேட்டு என்னும் உரம் ஆக்கப்பட்டது. யூரியா செய்வதற்குக் கரியமில வாயு வேண்டும். இவ்வுரத்திற்கு அது வேண்டுவதில்லை. 1962 இல் அங்கேயே, அணு உலைக்கு உதவும் கனநீரை ஆக்கும் நிலையமும் எழுந்தது. 'பசுமை ஹைட்ரஜன்' என்னும் சொல் பிறவாத காலத்தில் அப்பொருள் நம் நாட்டில் பெருமளவில் விளைந்தது!

பின்னர் நேர்ந்தது யாது? பசுமைப் புரட்சிக் காலத்தில் வடபுலத்து வயல்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகின. நகரங்களும் ஆலைகளும் வளர்ந்தன. மின்சாரத்தை வேண்டுவோர் பலராயினர். ஒரு யூனிட் மின்சாரம் கிணற்று நீரை இறைக்கலாம், அல்லது நீரைப் பகுக்கலாம். இரண்டையும் செய்ய இயலாது. 1978 இல் நங்கல் ஆலை எரி எண்ணெயை மூலப்பொருளாகக் கொண்டு விரிவடைந்தது. மின்னாற்பகுப்பு படிப்படியாக நின்றது. அவ்வாலை இந்நூற்றாண்டில் இயற்கை எரிவாயுவுக்கு மாறிவிட்டது. அறிவு குறைந்ததால் அம்முயற்சி நிற்கவில்லை. மின்சாரம் அருமைப்பட்டதால் நின்றது.

இப்போது மீண்டும் அப்பாதையில் அடியெடுத்து வைத்துள்ளோம். தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 2023 ஜனவரி 4 ஆம் நாள் மத்திய அமைச்சரவை இசைவு தந்தது. அதற்கு ஒதுக்கிய தொகை 19,744 கோடி ரூபாய். 2030 க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் ஆக்குவது அதன் குறிக்கோள்.

இக்குறிக்கோளின் அளவை உணரத் திருவண்ணாமலை மாவட்டத்து அணை ஒன்றே போதும். தென்பெண்ணையின் குறுக்கே 1958 இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையின் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குப் பகுபட வேண்டிய நீர் 9 கிலோ. ஆகவே 50 லட்சம் டன்னுக்கு ஏறக்குறைய 1,600 மில்லியன் கன அடி நீர் வேண்டும். அது சாத்தனூர் நீரில் கால் பங்குக்கும் குறைவே. தூய்மைப்படுத்தவும் குளிர்விக்கவும் ஆகும் நீரைச் சேர்த்தால் அளவு சில மடங்கு உயரலாம். எனினும் நாடு தாங்காத அளவன்று.

மின்சாரத்தின் கணக்கோ வேறு. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 50 யூனிட் மின்சாரம் தேவை. சாத்தனூர் அணையின் மின் நிலையம் 7.5 மெகாவாட் திறனுடையது. அது ஆண்டு முழுவதும் ஓயாது முழுத்திறனில் இயங்கினும், 1,300 டன் ஹைட்ரஜனுக்கே அதன் மின்சாரம் போதும். நாட்டின் குறிக்கோளை எட்ட அத்தகைய நிலையங்கள் 3,800 வேண்டும்! நங்கல் இடறிய இடம் இதுவே.

நங்கலுக்கு இல்லாத துணை ஒன்று இன்று நமக்கு உண்டு. வெயிலும் காற்றும் மின்சாரம் தருகின்றன. தமிழ்நாட்டில் மே முதல் செப்டம்பர் வரை காற்றாலைகள் மிகுதியாக இயங்கும். அந்நாட்களில் தேவைக்கு மிஞ்சுவதை ஹைட்ரஜனாக மாற்றிச் சேமிக்கலாம். தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் சிறு முன்னோடி நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. அதன் அளவு மணிக்கு 10 கன மீட்டர். எடையில் ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. தெருவிளக்குகளுக்கும் மின்வண்டிகளுக்கும் அது மின்சாரம் தருகின்றது. செயல்முறையை விளக்கிக் காட்ட அது நன்று. ஆனால் மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி, அதை மறுபடியும் மின்சாரமாக்கினால், மூன்றில் ஒரு பங்களவே மிஞ்சும். நேரே மின்சாரத்தால் ஆகக்கூடிய பணிக்கு ஹைட்ரஜனைச் செலவிடுதல் வீண். உரம், எஃகு, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆகியவற்றில் வேறு வழி அரிது; ஹைட்ரஜனுக்கு உரிய இடம் அவைதாம்.

காற்றும் கதிரும் தரும் மின்சாரத்தில் கிணற்றுக்கு எவ்வளவு, ஆலைக்கு எவ்வளவு என்று பகிர்ந்தளிக்கும் பொறுப்பு நாளை உங்கள் தலைமுறையைச் சாரும். உழவனின் கிணற்றுக்குக் குறைவு நேராமலும், அவன் இடும் உரம் புகையின்றி விளையவும் வழி காண்பீர்களாயின், நங்கலில் நின்றுபோன பணி நிறைவெய்தும்.