நிலத்தடி நீரைக் காக்கும் மண்: மாசுகளை வடிகட்டுவது எப்படி?

மழைநீரும் பாசன நீரும் நிலத்துக்குள் இறங்கும்போது மேற்பரப்பில் உள்ள மாசுகளையும் உடன் கொண்டு செல்கின்றன. அவற்றில் பல, நிலத்தடி நீரைச் சென்றடையும் முன்பே மண்ணில் தங்கிவிடுகின்றன. எனினும், எல்லா மாசுகளையும் மண்ணால் தடுக்க இயலாது. நாட்டின் பல மாநிலங்களில் காணப்படும் நைட்ரேட் பாதிப்பே இதற்குச் சான்று.

மூன்று வழிகள்

முதலாவது, வடிகட்டுதல். மண் துகள்களுக்கு இடையே உள்ள நுண்துளைகளில் கசடுகளும் கிருமிகளில் ஒரு பகுதியும் சிக்கிக்கொள்கின்றன.

இரண்டாவது, ஈர்த்துப் பிடித்தல். களிமண்ணும் மட்கும் எதிர்மின் தன்மை கொண்டவை. எனவே, நேர்மின் தன்மை கொண்ட ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் அவற்றில் ஒட்டிக்கொள்கின்றன.

மூன்றாவது, சிதைத்தல். மேல்மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் கழிவுநீரில் உள்ள கரிமப் பொருள்களையும் சில பூச்சிக்கொல்லிகளையும் எளிய பொருள்களாக மாற்றுகின்றன.

இவை மூன்றுக்கும் கால அவகாசம் தேவை. பருமணலிலும் பாறை இடுக்குகளிலும் நீர் விரைந்து இறங்குவதால், அங்கு தூய்மையாவது குறைவு. நிலத்தடி நீர்மட்டம் மேலாக உள்ள பகுதிகளிலும் இதே நிலைதான்.

தப்பிச் செல்லும் நைட்ரேட்

யூரியா, சாணம், மனிதக் கழிவு ஆகியவற்றில் உள்ள நைட்ரஜன், மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட்டும் எதிர்மின் தன்மை கொண்டது என்பதால் களிமண்ணில் ஒட்டுவதில்லை. பயிர்கள் எடுத்துக்கொண்டது போக எஞ்சியது, நீரில் கரைந்து கீழே இறங்குகிறது.

இந்திய தர நிர்ணய அமைவன விதிப்படி, ஒரு லிட்டர் குடிநீரில் 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, பரிசோதிக்கப்பட்ட மாதிரிகளில் ஏறத்தாழ 20 சதவீதம் இந்த வரம்பை மீறியுள்ளன. ராஜஸ்தான், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் பாதிப்பு அதிகம்.

நைட்ரேட் மிகுந்த நீர், கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்து, உடல் நீலம் பூக்கச் செய்யக்கூடும். நீரைக் கொதிக்க வைப்பதால் நைட்ரேட் நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

பாதுகாப்பது எப்படி?

மண் பிடித்துவைத்த உலோகங்களும் அங்கேயே நிலைத்திருக்கும் என்ற உறுதியில்லை. மண்ணின் அமிலத்தன்மை கூடினால் அவை மீண்டும் நீரில் கரையும். ஆகவே, மாசு மண்ணில் சேராமல் தடுப்பதே முதல் பாதுகாப்பு. மண் பரிசோதனையின்படி உரமிடுதல், கழிவறைக் குழிகளைக் கிணறுகளிலிருந்து தள்ளி அமைத்தல், தொழு உரமிட்டு மண்ணின் மட்கு வளத்தைப் பேணுதல் ஆகியவை இதற்கு உதவும்.