ஆயில் ஃபில்டர் சரியாத்தான் உட்கார்ந்திருக்கா? – ஒரு சின்ன வரலாறு

வண்டியை சர்வீஸுக்கு விட்டு எடுத்தால் நாம் என்ன பார்ப்போம்? பிரேக் பிடிக்குதா, செயின் டைட்டா இருக்கா, கண்ணாடியைத் துடைச்சிருக்காங்களா, பில்லில் எவ்வளவு போட்டிருக்காங்க. அவ்வளவுதான். எஞ்சினுக்குள் மாட்டின ஆயில் ஃபில்டர் சரியான பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கா என்று கேட்கிற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. கேட்டாலும் "அதெல்லாம் பார்த்துத்தான் சார் போட்டிருக்கு" என்று பதில் வரும்.

அந்தக் கேள்விக்கு ஏறக்குறைய நூறு வருஷக் கதை இருக்கிறது. மெக்கானிக்கல் சமாச்சாரம் என்று ஓடிவிடாதீர்கள், முடிந்தவரை எளிமையாகச் சொல்கிறேன் :-)

முதலில், ஃபில்டரே இல்லாத காலம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓடிய மோட்டார் சைக்கிள்களில் ஆயில் ஒரு தடவைதான் பயன்படும். ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒரு கை பம்ப் இருக்கும். சில மைலுக்கு ஒரு தடவை அதை அழுத்தினால் எஞ்சினுக்குள் கொஞ்சம் ஆயில் போகும், வேலை செய்யும், பிறகு எரிந்தோ ஒழுகியோ ரோட்டோடு போய்விடும். முழுவதும் செலவாகிப் போகிற முறை. அழுக்கான ஆயில் திரும்பி வரவே வராது என்பதால் வடிகட்ட வேண்டிய தேவையும் இல்லை. பிறகு வந்த சில வண்டிகளில் பம்பின் மேல் சின்னக் கண்ணாடி ஒன்று வைத்தார்கள். அதற்குள் ஆயில் சொட்டுச் சொட்டாக விழுவது கண்ணுக்குத் தெரியும். "எஞ்சினுக்கு ஆயில் போகுதா?" என்பதற்கு எட்டிப் பார்த்தாலே பதில் கிடைத்த காலம் அது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அப்புறம் அதே ஆயிலைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடும் முறை வந்தது. 1920களின் கடைசியிலும் 1930களிலும் மோட்டார் சைக்கிள்களில் இது பரவியது. ஆயில் செலவு குறைந்தது, ஆனால் புதுத் தலைவலி ஒன்று சேர்ந்துகொண்டது. ஆயில் சுற்றும்போது தேய்ந்த உலோகத்தூள், கரி, வெளியிலிருந்து வந்த தூசி எல்லாம் அதோடு சேர்ந்து சுற்றும். எஞ்சினுக்குள் தண்டுக்கும் புஷ் பேரிங்குக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். நம் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அந்த இடைவெளியில் ஆயில் படலம் இருக்கிறவரை உலோகத்தோடு உலோகம் உரசாது. அதற்குள் மணல் மாதிரி ஏதாவது புகுந்தால் கோடு விழும். ஆயிலே வராமல் போனால் கதை முடிந்தது.

கார் உலகத்தில் இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட். 1923-ல் அவர் கொண்டுவந்த ஃபில்டரின் பெயர் ப்யூரோலேட்டர். 'ப்யூர் ஆயில் லேட்டர்' என்பதைச் சுருக்கி வைத்த பெயர். 1924-ல் வந்த முதல் கிரைஸ்லர் காரிலேயே ஆயில் ஃபில்டர் இருந்தது. ஒரு விஷயம், அந்தக் கால ஃபில்டர்கள் ஆயில் முழுவதையும் வடிகட்டவில்லை. ஓடுகிற ஆயிலில் ஒரு பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து வடிகட்டி அடித்தொட்டிக்குத் திருப்பி அனுப்பின. ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும், தப்பாக மாட்டினாலும் எஞ்சினுக்குப் போகிற ஆயில் நிற்காது. 1940களில்தான் ஆயில் முழுவதும் ஃபில்டர் வழியாகவே பேரிங்குக்குப் போகிற முறை பரவ ஆரம்பித்தது. ஆயில் நன்றாகச் சுத்தமானது. ஆனால் அன்றிலிருந்து ஃபில்டர் பாதையை மறித்து உட்கார்ந்திருக்கிற பொருள் ஆகிவிட்டது. தப்பாக உட்கார்ந்தால் எஞ்சினுக்கே ஆபத்து.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த ராயல் என்ஃபீல்டு புல்லட், ராணுவத் தேவைக்காக இந்தியாவுக்கு வந்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் புல்லட் பிறக்க ஆரம்பித்தது. ரெட்டிச் தொழிற்சாலையை 1967-ல் மூடினார்கள், 1970-ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு தயாரிப்பே நின்றுபோனது. ஆனால் அந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின், அதன் ஆயில் ஓட்டத்தோடு, நம்ம வடசென்னையில் இன்னும் பல பத்தாண்டுகள் உயிரோடு இருந்தது.

அந்த எஞ்சினின் ஃபில்டர் அழகான ஒரு சமாச்சாரம். வலது பக்க டைமிங் கவரின் முன்புறம் கீழே ஒரு மூடி. அதை ஒரே நட்டு பிடித்திருக்கும். உள்ளே ஃபெல்ட் துணியால் ஆன எலிமெண்ட். பம்ப் அனுப்புகிற ஆயில் இதன் வழியாக வந்துதான் கிராங்கின் பிக் எண்டுக்குப் போகும். பழைய புல்லட்டில் அந்தப் பிக் எண்ட் உருளைகள் இல்லாத மிதக்கும் புஷ், முழுக்க ஆயில் படலத்தை நம்பி வாழ்கிற ஜீவன்.

ஃபில்டரைக் கழற்றி மாட்டினால் அந்த அறை காலியாகிவிடும். புல்லட் பம்ப் மெதுவாகத் தள்ளுகிற பம்ப். அறை நிரம்புகிறவரை பிக் எண்டுக்கு ஆயில் கிடைக்காது. அதனால் தெரிந்த மெக்கானிக் மாட்டின உடனே ஆக்ஸிலரேட்டரை முறுக்க மாட்டார். ஃபில்டர் மூடி நட்டைக் கொஞ்சம் தளர்த்தி வைத்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மூடி ஓரத்தில் ஆயில் கசிவதைப் பார்த்த பிறகுதான் இறுக்குவார். "வந்துருச்சு தம்பி" என்பார். கண்ணாடியில் சொட்டு பார்த்த பழைய காலத்தின் மிச்சம் அது.

சில பேர் மேலே ராக்கருக்குப் போகிற குழாயைத் தளர்த்திப் பார்த்து, ஆயில் வருது, எல்லாம் சரி என்று சொல்லிவிடுவார்கள். பழைய புல்லட்டில் ராக்கருக்குப் போவது திரும்பி வருகிற பம்பின் ஆயில். பிக் எண்டுக்குப் போவது வேறு பம்ப், வேறு பாதை. மேலே ஈரமாக இருப்பதால் கீழேயும் ஈரம் என்று சொல்ல முடியாது. எந்தப் பாதையைச் சோதிக்கிறோம் என்று தெரிந்து சோதிக்கணும்.

அடுத்து ஜப்பான். ஹோண்டா தன் சின்ன எஞ்சின்கள் பலவற்றில் வேறு ஒரு வழியைப் பிடித்தது. கிராங்க் தண்டோடு சேர்ந்து ஒரு கிண்ணம் சுழலும். ஆயில் அதற்குள் போகும்போது கனமான அழுக்கு ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், சுத்தமான ஆயில் வெளியே போகும். தயிர் கடைகிற தத்துவம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். கூடவே அடியில் ஒரு கம்பி வலை. மாற்றுவதற்குக் காகித ஃபில்டரே கிடையாது, அதனால் திருப்பி மாட்டிவிடுவார்களோ என்ற பயமும் கிடையாது! 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 இந்த முறையைத்தான் நம்ம தெருவுக்குக் கொண்டுவந்தது. பெட்ரோலை ஊத்து, மூடு, மறந்துடு என்ற அர்த்தத்தில் வந்த அதன் விளம்பரம் ஞாபகம் இருக்கும். நம்ம ஜனம் பெட்ரோலோடு சேர்த்து ஆயிலையும் மறந்துவிட்டது என்பது தனிக்கதை. வருஷக்கணக்கில் திறக்காத கிண்ணத்தில் அழுக்கு மெழுகு மாதிரி இறுகிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பெரிய எஞ்சின்களுக்கு அது போதாது. 1969-ல் வந்த ஹோண்டா சிபி 750 நாலு சிலிண்டர் வண்டி. அதன் கிராங்க் புஷ் பேரிங்குகளில் சுழல்வது. அதற்குக் காகித ஃபில்டரை எஞ்சின் முன்னால் ஒரு கிண்ணத்தில் வைத்து, நடுவில் நீளமான ஒரு போல்ட் போட்டுப் பிடித்தார்கள். அந்தக் கால ஜப்பானியப் பெரிய வண்டிகள் பலவற்றில் இதே வரிசைதான்: போல்ட், ஸ்பிரிங், வாஷர், அதன்மேல் ஃபில்டர். இந்த வாஷர் இருக்கிறதே, அது பழைய ஃபில்டரின் அடியில் ஆயிலோடு ஒட்டிக்கொண்டு அப்படியே குப்பைக்குப் போய்விடும். புது ஃபில்டரை வாஷர் இல்லாமல் மாட்டினால் ஸ்பிரிங் நேராகக் காகித ஃபில்டரின் அடியில் குத்தும், சீலும் சரியாக உட்காராது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

1950களின் நடுவில் கார்களுக்கு வந்த டப்பா ஃபில்டர், அதாவது முழுசாகத் திருகிக் கழற்றித் தூக்கிப் போடுகிற வகை, இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தீர்த்தது. திருப்பி மாட்ட வழியே இல்லை. ஆனால் அதிலும் இரண்டு கண்ணிகள். ஒன்று, பழைய டப்பாவின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, புது வளையம் அதன்மேல் உட்காருவது. கொஞ்ச நேரம் பிடிக்கும், அழுத்தம் ஏறினதும் பீய்ச்சும். இரண்டாவது, மரை. 20 மில்லிமீட்டர் மரையும் முக்கால் இஞ்ச் மரையும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். முக்கால் இஞ்ச் என்பது 19.05 மில்லிமீட்டர். 20 மில்லிமீட்டர் ஃபில்டர் அந்த ஸ்டட்டில் ஏறிவிடும், ஆனால் பிடிப்பு இருக்காது. ஓடும்போது கழன்று ஆயில் பின்சக்கரத்தில் கொட்டினால் போவது எஞ்சின் மட்டுமில்லை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ "இதுவும் அதேதான் சார், சைஸ் ஒண்ணுதான்" என்று எடுத்துக் கொடுத்தால் பார்ட் நம்பரைக் கேளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்றைக்கு நம்ம ஊர் வண்டிகள் நிறையவற்றில் இருப்பது, எஞ்சின் பக்கவாட்டில் ஒரு மூடிக்குள் போகிற சின்னக் காகித கார்ட்ரிட்ஜ். ஒரு பக்கம் ரப்பர் வளையத்தோடு துளை, மறுபக்கம் பெரும்பாலும் மூடியிருக்கும். திருப்பிப் போட்டாலும் மூடி மூடிக்கொள்ளும்! அதனால்தான் ஹோண்டா தன் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றில் 'அவுட்-சைடு' என்று அச்சடித்தே கொடுக்கிறது. அந்த எழுத்து வெளியே தெரியணும். எத்தனை எஞ்சின் வெந்த பிறகு வந்த எழுத்தோ என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

நண்பர் ஒருவருக்கு இது நடந்தது. 250 சிசி வண்டி, சர்வீஸ் முடித்து எடுத்து ஊருக்குக் கிளம்பினார். விழுப்புரம் தாண்டி எஞ்சினில் புதுசாக ஒரு கடகட சத்தம். நல்லவேளை, ஓரங்கட்டி நிறுத்தி அணைத்துவிட்டார். வண்டியை ஏற்றிக்கொண்டு போய் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் திறந்தால் கார்ட்ரிட்ஜ் திருப்பி மாட்டியிருந்தது. நண்பருக்குக் கோபம், "எந்தப் பையன்டா இதைப் போட்டான்" என்று. அண்ணன் சொன்னார்: "தம்பி, அந்தப் பையன் ஒரு நாளைக்கு இருபது வண்டி பாக்குறான். ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு பக்கம். காட்டிக் கொடுத்தவன் யாரு, திரும்பிப் பாத்தவன் யாரு, அதைக் கேளுங்க."

அது எனக்கு முக்கியமான பேச்சாகப் பட்டது. மாட்டுகிற கை எப்போதாவது தப்பும், அதனால் இரண்டாவது கண் ஒன்று வேண்டும். கண்ணாடியில் சொட்டு விழுந்த காலத்தில் ஓட்டுகிறவரே அந்தக் கண். பிறகு ஆயில் முழுக்க உள்ளே போய் ஒளிந்துகொண்டது. இப்போது மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு. அதுவும் எல்லா வண்டியிலும் இல்லை, நம்ம 100 சிசி வண்டிகள் பெரும்பாலானவற்றில் கிடையாது. இருக்கிற வண்டியிலும் அதை முழுசாக நம்ப முடியாது. ஃபில்டர் அடைத்தால் ஆயிலைச் சுற்றி அனுப்ப நிறைய எஞ்சின்களில் ஒரு பைபாஸ் வால்வு உண்டு. அது திறந்துகொண்டால் அழுத்தம் வரும், விளக்கும் அணையும், ஆனால் ஆயில் வடிகட்டாமல் போய்க்கொண்டிருக்கும். ஆயில் அழுத்தம் வந்துவிட்டது என்று மட்டும்தான் அந்த விளக்கால் சொல்ல முடியும். சுத்தமா என்று அதற்குத் தெரியாது.

ஆகவே நான் செய்கிறவற்றைச் சொல்லி முடிக்கிறேன். மாட்டும்போது பக்கத்தில் நிற்பேன். நிற்க விடாத இடம் என்றால் முன்கூட்டியே "பழைய ஃபில்டரையும் பழைய ஓ-ரிங்கையும் எடுத்து வைங்க" என்று சொல்லிவிடுவேன். பழைய ஃபில்டரையும் புது ஃபில்டரின் அட்டைப் பெட்டியையும் பக்கத்தில் வைத்தால் நம்பரும் உயரமும் ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும். உயரம் குறைந்தால் ஆயில் ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போகும், கூடினால் மூடி அதை நசுக்கும். வாஷரும் ஸ்பிரிங்கும் பழைய ஃபில்டரோடு ஒட்டியிருக்கா என்று தடவிப் பார்ப்பேன். டப்பா வகையானால் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, வளையம் தொட்ட பிறகு டப்பாவில் போட்டிருக்கிற அளவுக்கு, பொதுவாக முக்கால் சுற்று, கையால் இறுக்கினால் போதும். பிறகு முறுக்காமல் இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிட்டு, அணைத்து, கொஞ்சம் பொறுத்து ஆயில் அளவைப் பார்க்கணும். ஃபில்டர் நிரம்பினால் அளவு சற்று இறங்கும், அதை ஈடுகட்டணும். மூடி ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்க்கணும். மறுநாள் காலையில் வண்டி நின்ற இடத்தில் தரையையும்.

எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம்கூட ஆகாது. ஃபில்டர் விலை நூறோ இருநூறோ, கிராங்க் வேலை வந்தால் ஆயிரக்கணக்கில். அந்தப் பணத்தை யாரிடம் பிடிப்பார்கள் என்றால், பெரும்பாலும் பதினெட்டு வயசுப் பையன் ஒருத்தனின் சம்பளத்தில். நாம் ஒரு நிமிஷம் குனிந்து பார்த்தால் நம்ம எஞ்சினோடு அவன் சம்பளமும் தப்பும்.

உங்கள் வண்டியில் என்ன வகை ஃபில்டர், அதில் என்ன கண்ணி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் உங்கள் பதிவில் ஒரு நாலு வரி எழுதுங்கள். கையேட்டில் ஒரு மூலையில் கிடக்கிற விஷயம், தமிழில் இருந்தால் அந்தப் பையனும் படிப்பான்.