பாரமும் ஏற்றமும்

அமெரிக்க தேசத்தில் மோட்டார் காருக்குப் பின்னால் ஒரு சிறு வீட்டையே பூட்டிக்கொண்டு ஊர் சுற்றப் புறப்படும் பிரியர்கள், 1919-ஆம் ஆண்டில், மலை என்று சொல்லத்தக்க மேடு ஒன்றுமில்லாத ஃப்ளோரிடா மாகாணத்தின் டாம்பா நகரத்தில், டி ஸோட்டோ பூங்காவில்தான் முதன்முதலாகச் சங்கம் சேர்ந்தார்கள் என்பதை நினைக்கும்போது, அந்த வழக்கத்தின் பிற்காலச் சங்கடங்களில் பாதிக்குக் காரணம் விளங்கிவிடுகிறது. தகர டப்பா யாத்ரிகர்கள் என்று தம்மைத் தாமே பரிகாசமாக அழைத்துக்கொண்ட அவர்களுடைய காலத்தில் எங்கும் மலிந்திருந்த வாகனம் ஃபோர்டு மாடல்-டி; அதன் எஞ்சினுக்கு 20 குதிரைச் சக்தி. பெட்ரோலை இறைத்துத் தரப் பம்பு கிடையாது. ஆசனத்தின் அடியிலிருந்த தொட்டியிலிருந்து அது தானாகவே வழிந்து எஞ்சினை அடைய வேண்டும். தொட்டி குறைந்திருக்கும் வேளையில் செங்குத்தான ஏற்றம் குறுக்கிட்டால் எஞ்சின் மேலேயும் தொட்டி கீழேயும் ஆகி ஓட்டம் நின்றுவிடும் என்பதால், சாமர்த்தியசாலிகள் வண்டியைத் திருப்பி நிறுத்தி, ரிவர்ஸ் கியரில் பின்புறமாகவே மலையேறினார்கள். பின்னால் டிரெய்லரைப் பூட்டியவனுக்கோ அந்த உபாயமும் இல்லை!

முப்பதுகளில் டிரெய்லர்கள் பெருத்தன. வாலி பையம் என்பவர் 1936-இல் வெளியிட்ட ‘ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’, ஆகாய விமானத்தைப் போல அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்த லேசான உடம்புடையது. ஆனால் வண்டி எவ்வளவு லேசானாலும், அதற்குள் அடுப்பும் கட்டிலும் தண்ணீர்த் தொட்டியும் குடும்பத்தின் தட்டுமுட்டுகளும் ஏறிய பிறகு பாரம் எங்கே விழுகிறது என்ற கேள்வி இருந்தே தீரும். நம் ஊர் வண்டிக்காரருக்கு இது புதிதன்று. பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு எழும்பும். முன்பாரம் மிகுந்தால் கழுத்து நசுங்கும். டிரெய்லருக்கும் அதே நியாயம்தான். மொத்த எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு காரின் கொக்கியின்மேல் இறங்க வேண்டும். குறைந்தால் இறக்கத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். மிகுந்தால் காரின் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரங்கள் லேசாகி, ஸ்டியரிங் சொன்னபடி கேளாது. கொக்கியில் விழும் பாரத்தை வில்போன்ற எஃகுக் கம்பிகளால் முன் அச்சுக்கும் பகிர்ந்துகொடுக்கும் இணைப்பு பிற்பாடு பரவியது; எஞ்சின்களின் சக்தி பெருகியதைக் காட்டிலும் இந்த எளிய கம்பிகள் செய்த உபகாரமே பெரிது என்பது என் அபிப்பிராயம்.

1954-இல் வெளிவந்த ‘தி லாங், லாங் டிரெய்லர்’ என்ற ஹாலிவுட் படத்தில், புது மனைவியாக வரும் லூஸில் பால் போகிற ஊர்களிலெல்லாம் ஞாபகார்த்தமாகக் கற்களைப் பொறுக்கி டிரெய்லரில் சேர்த்து வைக்கிறாள். மலைப்பாதை வருமுன் எறிந்துவிடச் சொன்ன கணவனுக்குத் தெரியாமல் ஒளித்தும் வைக்கிறாள். ஏற்றத்தில் அக்கற்கள் உள்ளே உருளும்போது கொட்டகை சிரித்திருக்கும். டிரெய்லர் ஓட்டியவர்கள் முழு மனதுடன் சிரித்திருப்பார்களா என்பது சந்தேகமே.

ஏனெனில் உயரம் தன் பங்குக்கு வேறொரு வரி வசூலிக்கிறது. ஆயிரம் அடி ஏறுந்தோறும் காற்றின் அடர்த்தி குறைவதால், சாதாரண எஞ்சின் நூற்றுக்கு மூன்று பங்கு சக்தியை இழக்கிறது. 1973-இல் ஐஸன்ஹோவர் சுரங்கப்பாதை திறக்கப்படும் வரை, டென்வரிலிருந்து மேற்கே செல்லும் பிரதான சாலை 11,990 அடி உயரமுள்ள லவ்லண்ட் கணவாயைத் தாண்டியே சென்றது. அங்கே போய்ச் சேரும் எஞ்சின் தன் பலத்தில் மூன்றிலொரு பங்கைக் கீழேயே விட்டுவிட்டு வந்ததாகத்தான் கணக்கு. இறக்கத்திலோ பிரேக்கையே அமுக்கிக்கொண்டிருந்தால் அது சூடேறிப் பிடிப்பிழக்கும். முன்கூட்டியே கீழ்க் கியருக்கு மாற்றி எஞ்சினையே தடையாக்கவும், டிரெய்லருக்கென்று தனி பிரேக் வைக்கவும் ஓட்டிகள் கற்றுக்கொண்டார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, ஒரு வண்டி எத்தனை பவுண்டு இழுக்கும் என்று சொல்லும் உரிமை நெடுங்காலம் அதைத் தயாரித்த கம்பெனியிடமே இருந்தது என்பது ஆச்சரியம். அவரவர் பரீட்சை, அவரவர் மார்க்கு. 2008-இல் வெளியான ‘ஜே2807’ என்ற பொது விதிதான், அரிஸோனாவில் கொலராடோ நதியின் டேவிஸ் அணைக்கு அருகிலிருந்து ஏறும் சாலையை அனைவருக்கும் ஒரே அளவுகோலாக்கியது. 11.4 மைல் தூரத்தில் ஏறத்தாழ 3,000 அடி ஏற்றம். குறைந்தது 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில். அந்த வெயிலிலும் ஏ.சி.யை முழு வேகத்தில் ஓடவிட்டுக்கொண்டு, பின்னச்சில் ஒற்றைச் சக்கரங்களுடைய வண்டி மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் மேலே சேர வேண்டும். முதலில் இதற்கு உடன்பட்ட டொயோட்டா கம்பெனி, தன் 2011-ஆம் வருஷ மாடல்களை இந்த விதிப்படி எடைபோட்டபோது, அதன் ‘டண்ட்ரா’ லாரிக்கு அதுவரை விளம்பரத்தில் எழுதிவந்த இழுவைக் கணக்கு, அதே எஞ்சினும் அதே சக்கரங்களும் இருக்கையிலேயே, சில நூறு பவுண்டுகள் கீழே இறங்கியது.